பிளக் கம்பி என்ன நிறம்?

ஆபீசில் அவளை லைட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இன்டர்நெட் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்து, வைஃபை வரவில்லை என்று யார் புலம்பினாலும், "சரிங்க, பெட்டியில எந்தெந்த லைட் எரியுது, பார்த்துச் சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். பெயர் வைத்தவர் பக்கத்து சீட்டுக்காரர். அவருக்கும் ஒரு பெயர் உண்டு, மன்னிப்பு. வாயைத் திறந்தாலே "மன்னிக்கணும்" என்று தொடங்குகிற மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பது?

லைட்டம்மா தொழிலில் கெட்டிக்காரி. "பச்சை ரெண்டு, ஆரஞ்சு ஒண்ணு" என்று ஒரு குரல் சொன்னால் போதும், அந்த அறையே அவள் கண்முன் வந்துவிடும். பெட்டிக்கு மேலே யாரோ காயப்போட்ட துண்டு, கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிற பூனை, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு குனிகிற ஒரு தொப்பை. நேரில் எந்த வீட்டையும் பார்த்ததில்லை. ஆனாலும் பஸ்சில் போகும்போது ஜன்னல்களைப் பார்த்து, இங்கே ஒரு தடவை பேசியிருக்கிறேனோ என்று யோசித்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விடுவாள்.

அவளை அலுக்க வைத்தது ஒன்றே ஒன்று. "பெட்டியை அணைச்சுப் போட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டால், ஊரே ஒரே குரலில் "போட்டாச்சுங்க" என்னும். பச்சைப் பொய். கெட்டவர்கள் இல்லை, மேசைக்கடியில் குனியச் சோம்பல். பொய் சொல்கிறீர்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்ல முடியுமா? அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "ஒண்ணு பண்ணுங்க. பிளக்கை உருவி, உள்ளே சொருகற அந்தக் கம்பி வெள்ளையா மஞ்சளான்னு பார்த்துச் சொல்லுங்க. அதைப் பொறுத்துத்தான் அடுத்த வேலை." வெள்ளையாவது மஞ்சளாவது, ஒரு மண்ணும் இல்லை. பார்க்க வேண்டுமானால் உருவியாக வேண்டும், அவ்வளவுதான். இப்போது ஆபீஸ் முழுக்க அதைத்தான் கேட்கிறார்கள்.

அப்பேர்ப்பட்டவள் அன்று மத்தியானம் தன் வீட்டு அலமாரிக்கு முன்னால் நின்று முழித்துக்கொண்டிருந்தாள். கையில் கம்பெனி கொடுத்த புது லேப்டாப். மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. சாயங்காலத்துக்குள் வீட்டிலிருந்தே ஆபீஸ் சிஸ்டத்துக்குள் நுழைந்து காட்டிவிட்டால், இனி வீட்டிலேயே வேலை. இல்லையென்றால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு.

வீட்டிலிருக்க வேண்டும் என்று அவள் தவித்ததற்குக் காரணம் கணவன். சரக்குக் கப்பலில் சமையற்காரன். கப்பலில் எப்போது நெட் கிடைக்கிறதோ, அப்போதுதான் பேச முடியும். ஆபீசிலோ போனைப் பெட்டகத்தில் பூட்டி வைத்துவிட்டுத்தான் சீட்டில் உட்கார வேண்டும். வீட்டுக்கு வந்தால் சுவர்கள் கோட்டை மாதிரி, டவர் எட்டிக்கூடப் பார்க்காது. போன் வருவதும் போவதும் அலமாரி மேலிருக்கிற வைஃபை பெட்டியின் தயவில்தான்.

போன புதிதில் தினமும் கூப்பிட்டான். பிறகு வாரத்துக்கு ஒன்று என்று ஆனது. இந்த மாதம் முழுக்கவே ஒரு தடவைதான். அவளுக்குப் பயமாக இருந்தது. கடல் பெரியது, மனசு சின்னது, எங்கேயாவது நழுவிவிட்டதோ என்று பயந்தாள். கேட்கவும் வாய் வரவில்லை. அதனால் தன்னால் முடிந்ததைச் செய்தாள். எந்த நேரத்தில் மணி அடித்தாலும், முதல் மணி முடிவதற்குள் எடுத்தாள். போனைக் கன்னத்துக்கடியில் வைத்துக்கொண்டு, தூங்குகிற மாதிரி படுத்திருந்தாள். அவன் கிளம்பிப் போன நாளிலிருந்து அந்தப் பெட்டியை ஒருமுறைகூட அணைக்கவில்லை.

இன்றைக்குக் கரையோரமாகப் போவோம், நெட் கிடைத்தாலும் கிடைக்கும் என்று வேறு எழுதியிருந்தான்.

லேப்டாப்போ, 'இணைந்தது, இன்டர்நெட் இல்லை' என்று கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது. பாஸ்வேர்டை அழித்து அடித்தாள். லேப்டாப்பை அணைத்து எழுப்பினாள். வயிற்றுவலிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைகிற மாதிரி, அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு அறை அறையாக நடந்தாள். நோய் என்னவென்று அவளுக்குத் தெரியும். பெட்டி ஒவ்வொரு கருவிக்கும் ஒரு இடம் கொடுக்கிறது. நாள்கணக்கில் அணைக்காமல் விட்டால், வந்து போன விருந்தாளிகளின் போனுக்கெல்லாம் இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, புதிதாக வந்தவனை வாசலிலேயே நிறுத்திவிடும். மருந்தும் தெரியும். அணைத்து, கொஞ்ச நேரம் விட்டுப் போட வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் கூப்பிட்டுவிட்டால்?

கடைசியில் தன் கம்பெனி உதவி எண்ணுக்கே போன் போட்டாள்.

"வணக்கம், மன்னிக்கணும், காத்திருக்க வெச்சதுக்கு. என்ன பிரச்சனைங்க?"

போயும் போயும் இவரிடமா மாட்ட வேண்டும். குரலை மாற்றிக்கொண்டு சொன்னாள். "புது லேப்டாப்ங்க. வைஃபை சேருது, நெட் மட்டும் வரல."

"மன்னிக்கணும். பெட்டியில எந்தெந்த லைட் எரியுது?"

"நாலும் பச்சை."

"அணைச்சுப் போட்டுப் பார்த்தீங்களா?"

"போட்டாச்சுங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. எத்தனை வீட்டுக் குரல்கள் தன் தொண்டைக்குள் இருந்திருக்கின்றன என்று வெட்கமாகப் போயிற்று.

அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக, "மன்னிக்கணும்... நம்ம லைட்டம்மாதானே?"

"அண்ணே..."

"பிளக்கை உருவி, கம்பி வெள்ளையா மஞ்சளான்னு பார்த்துச் சொல்லும்மா."

"என்கிட்டயே காது குத்தறீங்களா?"

"நீ குத்தக் கத்துக்கொடுத்த காதுதானே! ஏம்மா உருவ மாட்டேங்கற?"

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "அவர் கூப்பிடுவார், அண்ணே. கூப்பிடறதே குறைஞ்சு போச்சு. அந்த ஒரு தடவையும் போயிடுச்சுன்னா..."

மன்னிப்பு இந்த முறை மன்னிப்புக் கேட்கவில்லை. "கிடைக்கலைன்னா மறுபடி கூப்பிட மாட்டாரா? உருவும்மா. உருவினா இந்த போனும் கட்டாயிடும். நம்ம சிஸ்டம் 'பிரச்சனை தீர்ந்தது'ன்னு தானா எழுதிக்கும். அதுக்கு என்ன அவ்வளவு அவசரமோ."

சிரித்துக்கொண்டே உருவிவிட்டாள். அவர் குரல் பாதியில் நின்றது.

நாலு விளக்கும் அணைந்தன. வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. ஜன்னல் திரை காற்றில் உள்ளே வந்து, வெளியே போனது. வெயில் தரையில் நகர்ந்து நாற்காலிக் காலைத் தொட்டது. இனி எந்த மணியும் அடிக்காது, காத்திருக்க ஒன்றுமில்லை. பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம்தானே.

ஒரு நீண்ட நடைவழி. இரண்டு பக்கமும் கதவுகள், எல்லாம் திறந்தே கிடந்தன. உள்ளே அவள் பேசிப் பழகிய வீடுகள். துண்டு காய்ந்த வீடு, பூனை வீடு, தொப்பைக்காரர் வீடு. ஒவ்வொருவரும் வாசலுக்கு வந்து, உருவிய பிளக்கைப் பெருமையாகத் தூக்கிக் காட்டினார்கள். "நிஜமாவே உருவிட்டோம்!" தரை மெல்ல அசைந்தது. கடைசிக் கதவுக்குள்ளே கப்பல் சமையலறை. அவள் கணவன் மேசைக்கடியில் குனிந்திருந்தான். "வெள்ளையா, மஞ்சளா?" என்று கேட்டாள். அவன் திரும்பிப் பார்க்காமலே, "உஷ், மெதுவா. அங்க ஒருத்தி தூங்கறா" என்றான்.

விழித்தபோது வெயில் இல்லை. அறை நீலமாகியிருந்தது. பிளக் அவள் கன்னத்துக்கடியில் இருந்தது.

அடித்துப் பிடித்து எழுந்து பிளக்கைச் சொருகினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. அவசரமா, யாருக்கு அவசரம் என்று நிதானமாக வந்தன. லேப்டாப் மறுபேச்சில்லாமல் நெட்டுக்குள் நுழைந்தது. போன் துள்ள ஆரம்பித்தது. 'உங்கள் பிரச்சனை தீர்ந்தது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?' அடுத்தது பக்கத்து சீட்டுக்காரர்: 'மேனேஜர் கேட்டார். பிளக்கைப் பார்த்துக்கிட்டிருக்காங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். பொய்க்கு மன்னிக்கணும்.'

அதற்குக் கீழே அவன். கூப்பிட்டு, திரும்பக் கூப்பிட்டு, கிடைக்காமல் போன அடையாளங்கள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் எழுதியிருந்தான்:

'கிடைக்கல. பரவாயில்ல, சந்தோஷமா இருக்கு. எப்பக் கூப்பிட்டாலும் பாதி மணியிலயே எடுத்துடற. நீ தூங்கறதே இல்லன்னு தெரியும். போன தடவைகூட உன் கண்ணைப் பார்த்தேன். நான் கூப்பிடறதாலதானே இந்தக் காவல்னு, கூப்பிடறதையே குறைச்சுக்கிட்டேன். இன்னிக்காவது நீ தூங்கறதா நினைச்சுக்கறேன்.'

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இத்தனை நாள் அவனை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்த கை, அவனைத் தள்ளியல்லவா விட்டிருக்கிறது. லேப்டாப்பில் பெயரை அடித்து ஆபீசுக்குள் நுழைந்தாள். மேனேஜர் கட்டைவிரலை உயர்த்தி அனுப்பினார். அவளுக்கு அது மனதில் ஏறவே இல்லை.

போன் அடித்தது. பழக்கத்தில் கை பாய்ந்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டாள். முதல் மணி முழுசாக அடித்தது. இரண்டாவதும் அடித்தது. பிறகு எடுத்தாள். திரையில் அவன் முகம், பின்னால் தொங்குகிற கரண்டிகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன.

"தூங்கிட்டேங்க," என்றாள்.

"யார்கிட்ட கதை விடற? உன் வாடிக்கையாளர்கிட்ட நீ கேக்கற மாதிரி கேக்கவா? எங்க, கன்னத்தைத் திருப்பு."

திருப்பினாள். கன்னத்தில் பிளக்கின் கம்பிகள் இரண்டும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

அவன் திரைக்குக் கிட்டே வந்து பார்த்தான்.

"அப்போ நாளைக்கும் கூப்பிடறேன்."

"தூங்கிட்டு, எடுக்கலைன்னா?"

"எடுக்கலைன்னா மறுநாளும் கூப்பிடறேன்."