பெரிஸ்பர்க்கிலிருந்து டெல்

திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு லோவெல் பிராண்டாவ் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தன் பழைய பிக்கப் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். வண்டி எங்கும் போகப் போவதில்லை. சாவியை ஒரு திருகு திருகினால் ரேடியோ பேசும், அவ்வளவுதான் வேண்டும். வீட்டுக்குள் ரேடியோ இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நிகழ்ச்சியை இனிமேல் காதால்கூடக் கேட்பதில்லை என்று செப்டம்பர் மாதமே மனைவி மார்சியிடம் சத்தியம் பண்ணியிருந்தார். சத்தியம் வீட்டுக்குத்தான், கராஜுக்கு இல்லை என்று தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு ஏழு வாரமாக இப்படித்தான் நடக்கிறது. மார்சி கேட்டால் வண்டியில் ஆயில் கசிகிறது என்பார். ஏழு வாரம் கசிந்த ஆயிலுக்கு ஒரு ஏரியே நிரம்பியிருக்க வேண்டும்.

ஹாங்க் டெலூகாவின் நிகழ்ச்சி டோலிடோ நகரத்தைச் சுற்றி அறுபது மைல் வட்டாரத்தில் எந்த வண்டியில் ஏறினாலும் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான அயர்ன்மென் ஆடும். திங்கட்கிழமை ஊரே ஹாங்கைக் கூப்பிட்டு அவர்களைக் கிழித்துத் தோரணம் கட்டும். அதிலும் குவார்ட்டர்பேக் என்பவன் எல்லாருக்கும் பொதுச்சொத்து. பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு வீசுவது என்று மூன்று நொடியில் முடிவெடுக்கிறவன் அவன். ஜெயித்தால் ஊர் ஜெயித்தது, தோற்றால் அவன் தோற்றான். அயர்ன்மென் அணியின் குவார்ட்டர்பேக் பெயர் நோலன் பிராண்டாவ், வயது இருபத்தேழு. லோவெலின் ஒரே பையன்.

"முப்பத்திரண்டு டீம், முப்பத்திரண்டு குவார்ட்டர்பேக். நம்ம வாராந்திர வரிசையில நோலன் பிராண்டாவ் இந்த வாரம் இருபத்தாறு," என்றான் ஹாங்க். "போன வாரம் இருபத்திரண்டு. படியில உருள்ற மாதிரி உருள்றான். லகிராஞ்ச் தெருவிலேருந்து நம்ம ஸ்டோஷ் லைன்ல இருக்கார். சொல்லுங்க தலைவா."

ஸ்டோஷ் என்ற பெயரைக் கேட்டதுமே லோவெலின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆளை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தக் கரகரத்த குரலை எந்தக் கூட்டத்திலும் அடையாளம் கண்டு அறைய முடியும் என்று அவருக்கு நம்பிக்கை இருந்தது.

"இருபத்தாறா? கருணை மார்க் போட்டிருக்கீங்க ஹாங்க்," என்றார் ஸ்டோஷ். "இவனுக்கு வருஷத்துக்கு நாலு கோடி டாலர் வேணுமாம். ஒப்பந்தம் இன்னும் ரெண்டு வாரத்துல முடிவாகப் போகுதாம். டீமோட மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்புன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? மொத்தத்தையும் இவன் வாயில கொட்டிட்டு மத்த அம்பது பேருக்கு என்ன குடுப்பீங்க, பாப்கார்னா? இவனை வித்துட்டு வர்ற வருஷம் காலேஜ்ல இருந்து ஒரு புதுப் பையனை எடுங்க. இவனை நம்பினா ஜனவரியில இறுதிச் சுற்று வரும்போது நாம எல்லாரும் வீட்டுல உக்காந்து அடுத்தவன் ஆட்டத்தைத்தான் பாக்கணும்."

லோவெல் அதற்குள் செல்போனில் எண்ணைப் போட்டுவிட்டார். அழைப்புகளை வாங்கும் பெண்ணுக்கு அவர் குரல் பழகிப்போயிருந்தது. "டெல் ஐயாவா? பெரிஸ்பர்க் டெல்தானே? இருங்க, அடுத்தது நீங்கதான். ரேடியோவைக் குறைச்சிடுங்க, எதிரொலிக்கும்."

லோவெல் ரேடியோவை முழுக்க அடக்கினார். அவர் இருப்பது ஃப்ரீமாண்ட்டில், பெரிஸ்பர்க்கில் இல்லை. டெல் என்பதும் அவர் பெயர் இல்லை. இந்த ஆட்டப் பருவத்தில் இது ஆறாவது அழைப்பு. ஒவ்வொரு முறையும் மனப்பாடம் செய்த புள்ளிவிவரத்தோடு, நிதானமாக, வக்கீல் மாதிரி பேசி முடித்து, முடித்ததும் இரண்டு நாளைக்குக் கால் தரையில் படாமல் நடப்பார். கண்ணாடித் தொழிற்சாலை உலைக்கு முன்னால் முப்பத்தொரு வருஷம் நின்ற மனிதர், அங்கே ஒருவரும் அவரை ஒரு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டதில்லை. இங்கே ஊரே கேட்கிறது. மகனுக்காகத்தான் பேசுகிறேன் என்று அவர் நம்பினார். பாதி உண்மையும்கூட.

"ஸ்டோஷ், நீங்களும் லைன்லயே இருங்க, டெல் வந்துட்டார்," என்றான் ஹாங்க் குஷியாக. "ரெண்டு பேரும் மோதுங்க."

"பையனைக் காப்பாத்த முன்னால நிக்கிற அஞ்சு பேரும் ஓட்டை வாளி," என்று லோவெல் ஆரம்பித்தார். "எட்டு ஆட்டத்துல முப்பத்தோரு தடவை பையனைக் கீழே தள்ளியிருக்காங்க. அந்த முப்பத்தோரு தடவையும் எழுந்து நின்னான். வரிசையில முதல் பத்துல இருக்கிறவங்களை இவங்களுக்குப் பின்னால நிறுத்துங்க, பாதி பேர் ஆஸ்பத்திரியில இருப்பாங்க. அப்படியும் அஞ்சு ஆட்டம் ஜெயிச்சிருக்கோம்."

"பெரியவரே, மூணு வாரமா பந்தைப் பாத்தீங்களா?" என்றார் ஸ்டோஷ். "குடிச்சவன் மாதிரித் தள்ளாடிக்கிட்டுப் போகுது. இருபது கெஜத்துக்கு மேல வீசறதே இல்ல. ஏன் தெரியுமா? பயம். அடி வாங்கி வாங்கி உள்ளுக்குள்ள நடுங்கிட்டான். ஒப்பந்தம் கையெழுத்தாகற வரைக்கும் உடம்பைக் காப்பாத்திக்கறான். வெளிப்படையாவே சொல்றேன், பையன் கோழை."

நாக்கில் சனி உட்காருவது என்பார்களே, அது அந்த நேரம்தான். புள்ளிவிவரம் எல்லாம் எங்கோ பறந்துவிட்டது.

"யாருடா கோழை? கட்டைவிரல் அடியில தசைநார் கிழிஞ்சு கிடக்கு. மூணு வாரமா டேப்பைச் சுத்திக்கிட்டு, ஊசி போட்டுக்கிட்டு வீசறான். அந்த விரலோட நீ ஒரு பீர் பாட்டிலைத் திற பாக்கலாம்! பந்து வீச வேண்டாம், ஒரு பாட்டிலைத் திற!"



"கட்டைவிரலா?" என்றான் ஹாங்க். அவன் குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது. "எந்தக் கட்டைவிரல் டெல்? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

லோவெல் அழைப்பைத் துண்டித்தார். என்ன சொன்னோம், நிஜமாகவே சொன்னோமா என்று தெரியாமல் ரேடியோவின் ஒலியைக் கூட்டினார். யாராவது கெட்டவார்த்தை பேசினால் வெட்டுவதற்காக அந்த நிலையத்தில் எல்லாவற்றையும் அரை நிமிஷம் தாமதமாகத்தான் வெளியே விடுவார்கள். ஆகவே அப்போதுதான் டெல் என்கிற கிழவன் ரேடியோவுக்குள்ளிருந்து, யாருடா கோழை என்று கத்த ஆரம்பித்திருந்தான். லோவெல் தாவி ரேடியோவை அணைத்தார், அணைத்தால் நின்றுவிடும் என்கிற மாதிரி. அறுபது மைல் வட்டாரத்தில் வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அத்தனை வண்டிகளிலும் அந்தக் கிழவன் மிச்சத்தையும் சொல்லி முடித்தான். அவர் கெட்டவார்த்தை எதுவும் பேசவில்லை, அதனால் யாரும் வெட்டவில்லை.

விரல் விஷயம் தெரிந்தது மூன்றே பேருக்கு. நோலனுக்கு, ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிக்கும் ரேமோனுக்கு, லோவெலுக்கு. தலைமைப் பயிற்சியாளருக்கே சொல்லாமல், ஒப்பந்தம் முடிகிற வரைக்கும் என்று ரேமோனும் நோலனும் சேர்ந்து மறைத்திருந்தார்கள். ரேமோன் தினமும் எல்லாருக்கும் முன்னால் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு டேப் சுற்றிவிடுவான். போன வியாழக்கிழமை நோலன் போனில் சொன்னபோது, "அம்மாகிட்டகூடச் சொல்லாதீங்கப்பா, அம்மா அழுவாங்க," என்றான். லோவெலுக்கு அப்போது பெருமையாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்லப்போனால் பெருமைதான். இருபத்தேழு வயதில் பையன் ஒரு ரகசியத்தைத் தூக்கிக்கொண்டு அப்பனிடம் வந்திருக்கிறான். அதை நான்கு நாள் வைத்திருக்க முடியவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் மார்சி, "ஆயில் நின்னுதா?" என்று கேட்டாள். நின்றுவிட்டது என்றார். அவளிடம் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை வாயைத் திறந்து, இரண்டு தடவையும் ரொட்டியைப் போட்டு அடைத்தார்.

செவ்வாய் மாலை நோலன் கூப்பிட்டான். லோவெல் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். பக்கத்து வீட்டுக்காரர் இலை வாரிக்கொண்டிருந்தார், அவரைப் பார்த்துக் கையாட்டினார்.

"நேத்து ரேடியோ கேட்டீங்களாப்பா?"

"இல்லப்பா. எனக்கு எங்க நேரம்? வண்டியில கொஞ்சம் வேலை இருந்துச்சு."

"யாரோ ஒரு ஆள் பேசியிருக்கான். இன்னைக்குக் காலையில கோச் என்னைக் கூப்பிட்டு, டேப்பைப் பிரிடான்னார். பிரிச்சேன். படம் எடுத்துப் பாத்தாங்க. ரேமோனை மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பதினாலு வருஷம் அங்க வேலை செஞ்சவன். பெட்டியில அவன் சாமானைப் போட்டுத் தூக்கிக்கிட்டுப் போனான், நான் நின்னு பாத்தேன்."

சொல்லு, இப்போதே சொல்லு என்று லோவெலுக்குள் ஒரு குரல் அடித்துக்கொண்டது. நாளைக்கு நிதானமாக, நேரில் போய் என்று இன்னொன்று. இப்படி யோசிக்கிற நேரத்தில் ஒரு முழு நிமிஷம் போய்விட்டது.

"டெல்லுன்னு பேர் சொன்னானாம்," என்றான் நோலன். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "டெல் நம்ம பழைய நாய் பேருப்பா."

லோவெல் கொல்லைப் படியில் உட்கார்ந்தார். பொய்ப்பெயர் தேடிய அன்றைக்கு வாயில் முதலில் வந்த பெயர் அது. எங்கிருந்து வந்தது என்று இத்தனை நாள் அவர் யோசித்துப் பார்த்ததே இல்லை.

"நோலன். நான்தான்ப்பா."

"தெரியும். பதிவை எல்லாரும் போட்டுப் போட்டுக் கேட்டாங்க, உடை மாத்தற ரூம்ல. சிரிச்சாங்க. பாட்டிலைத் திற பாக்கலாம்னு ஒருத்தன் நடிச்சுக்கூடக் காட்டினான். நானும் சிரிச்சேன், வேற என்ன செய்யறது? நீங்களா சொல்றீங்களான்னு பாக்கத்தான் கூப்பிட்டேன்."

"அவன் உன்னைக் கோழைன்னு சொன்னான்டா."

"சொல்லட்டுமேப்பா! வாரத்துக்கு நூறு பேர் சொல்றான். நான் கேக்கறதே இல்ல. நீங்க ஏன் கேக்கறீங்க?"

"நாளைக்கே கிளம்பி வர்றேன். கோச்சைப் பாத்து நான் சொல்றேன், என் தப்புன்னு. ரேமோனைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் காலைப் பிடிச்சாவது..."

"என்னன்னு சொல்லுவீங்க? நீங்க பேசினதுக்காக அவனை அனுப்பல. மறைச்சதுக்காக அனுப்பினாங்க. மறைக்கச் சொன்னது நான். வெளியே விட்டது நீங்க. வேலை போனது அவனுக்கு. இதுல கோச்கிட்ட எதை மாத்திச் சொல்லுவீங்க?"

"ஒப்பந்தம்?"

"இனிமே பேச்சு இல்லைன்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஆடுவேன். எனக்கு அடுத்தவன் இன்னும் ஆட்டத் திட்டத்தையே படிச்சு முடிக்கல. அதனால வேற வழி இல்லாம என்னை விடறாங்க. விரல் காயம்னு வாராவாரம் வெளியிடற காயப் பட்டியல்ல போட்டாச்சு. எதிர் டீமும் படிச்சிருப்பான். அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன்."

அன்றைக்கே சொன்னார். மார்சி அழுவாள் என்று இருவரும் எதிர்பார்த்தது தப்பு. அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "ரேமோனுக்குக் குழந்தைங்க இருக்கா?" என்று கேட்டாள். இரண்டு என்றார். அதற்குப் பிறகு ஞாயிறு வரைக்கும் சாப்பாடு, மருந்து, குப்பை வண்டி தவிர வேறு எதைப் பற்றியும் அவள் அவரிடம் பேசவில்லை. புதன்கிழமை மளிகைக் கடையில், வரிசையில் முன்னால் நின்ற இரண்டு பேர் நோலனை முப்பதாவது இடத்துக்கு இறக்கலாமா முப்பத்தொன்றுக்கா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். லோவெலுக்கு அவர்களை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. கூடையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு இருவரும் சோபாவின் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள். வழக்கமாக அரங்கத்துக்குப் போவார்கள். இந்த வாரம் மார்சி வரமாட்டேன் என்றாள், அவருக்கும் தைரியம் இல்லை. முதல் பாதி ஒருமாதிரி ஓடியது. நோலன் சின்னச் சின்னதாக வீசினான், அணி மூன்று புள்ளி முன்னால் இருந்தது. ஆனால் எதிரணியின் முன்வரிசையில் ஒருவன், முந்நூறு பவுண்டு இருக்கும், ஒவ்வொரு முறையும் மேலே பாய்ந்து விழாமல் நோலனின் வலக்கையைத்தான் தட்டினான். பந்து கையில் இருக்கும்வரை அதைத் தட்டுவது குற்றமில்லை. முதல் தடவை தற்செயல் என்று லோவெல் சொல்லிக்கொண்டார். நான்காவது தடவைக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

மூன்றாவது கால்பகுதியில் அந்தத் தடியன் அடித்த அடியில் பந்து உருண்டு வெளியே ஓடியது. நல்லவேளை, நம் ஆளே விழுந்து பிடித்தான். நோலன் மண்டியிட்டபடி, வலக்கையை இடது அக்குளுக்குள் செருகி, தலையைக் கவிழ்த்துக்கொண்டான். வர்ணனையாளர் விரலைப் பற்றிப் பேசத் தொடங்கினார்: இந்த வாரம் ஒரு வானொலி நிகழ்ச்சியில் வெளியே வந்த தகவல் என்று, மரியாதையான குரலில். மார்சி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுக்க அடைத்தாள். லோவெல் அவள் பக்கம் திரும்பினார். அவள் திரும்பவில்லை.

சத்தமில்லாத திரையில், ஓரத்தில் நின்ற மாற்று ஆட்டக்காரன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தான். நோலன் எழுந்தான். இடக்கையைத் தூக்கி, வேண்டாம், போ என்று அவனைத் திருப்பி அனுப்பினான். விரலை ஒருதரம் கால்சட்டையில் அழுத்தித் தேய்த்தான். பிறகு தன் ஆட்களின் நடுவே போய்க் குனிந்து ஏதோ சொன்னான். அவர்கள் தலையாட்டிவிட்டுப் பிரிந்து வரிசையில் நின்றார்கள். எதிரே அந்தத் தடியன் தரையில் கையூன்றிக் குனிந்து, தலையை மட்டும் நிமிர்த்தி, நோலனின் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.