தட்டைப்புழுக்கள் உட்கார்ந்த வரிசை

புழு ஆராய்ச்சிக்காரி இறந்த மறுவாரம், செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, அவள் வளர்த்துவந்த முப்பத்தேழு நிலத் தட்டைப்புழுக்களும் டப்பாக்களை விட்டு வெளியேறிக் குளியலறைச் சுவரில் உறவுமுறைப்படி உட்கார்ந்தன. ஏழரைக்குத் திரும்பிப் போயின. மறுநாளும் அப்படியே. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் வாளியோடு நின்று பார்த்துவிட்டுக் குளிக்காமலே வேலைக்குப் போனான்.

அந்த வரிசை பழைய புத்தகங்களின்படி இல்லை. அவற்றில் இரண்டு கண் உள்ள புழுக்கள் ஒரு குடும்பம், உடம்பின் ஓரமெல்லாம் கண் உள்ளவை இன்னொரு குடும்பம். மரபணுக்களை ஒப்பிட்டு, கண்ணை எண்ணிக் குடும்பம் பிரித்தது தவறு என்றும், பல கண் புழுக்களில் ஒரு கிளை இரண்டு கண் புழுக்கள் சிலவற்றுக்கே நெருங்கிய சொந்தம் என்றும் அவள் எழுதியிருந்தாள். சுவரில் இருந்ததும் அதே வரிசை. அவளுடைய பேராசிரியர் இரண்டு வருடம் நம்பவில்லை. புழுக்களின் செய்தி கேட்டு வந்தவர், செருப்பைக் கையில் பிடித்தபடி அரை மணி நேரம் சுவரைப் பார்த்தார். "பொண்ணு சொன்னது சரிதான்" என்றார். அவர் அனுப்பிவைத்த கட்டுரை அவள் பெயரில் அச்சாகி வந்தது. கணவன் அதை இரண்டு முறை படித்தான். நன்றி சொல்லி அவருக்கு நாலு வரி எழுதினான்.

அவள் நோயில் படுத்தபோது பார்த்துக்கொள்ள வந்த அவள் அப்பா, தையல்காரர், இன்னும் அந்த வீட்டில்தான் இருந்தார். இருக்கலாமா என்று அவர் கேட்கவில்லை. இருங்கள் என்று இவனும் சொல்லவில்லை. இருவரும் அதையே நினைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மகளின் கட்டுரையை அவர் படித்ததில்லை. புழுக்கள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன என்று நினைத்து, பல கண் உள்ள நீலக்கோட்டுப் புழு ஒன்றைத் தினமும் ஈரக் காகிதத்தில் ஏந்தி மற்ற பல கண் புழுக்களிடம் விட்டார். "உன் ஆளுங்க இந்தப் பக்கம்டா" என்பார். அவர் பல் தேய்த்து முடிப்பதற்குள் அது பழைய இடத்தில் இருக்கும்.

இரண்டு மாதம் கழித்து, அப்பாவை அழைத்துப்போக மகன் காலை ஏழு மணிக்கு வந்து இறங்கினான். பெட்டியும் கட்டியாயிற்று.

"மச்சான் நல்லவர்தான்ப்பா. ஆனா அக்காவே போயாச்சு. இனி இந்த வீட்ல நீங்க யாரு?"

தையல்காரர் அவன் கையைப் பிடித்துக் குளியலறைக்கு இழுத்துப்போனார். "இந்த நீலக்கோட்டப் பாரு. பக்கத்துல இருக்கறதுக்கும் இதுக்கும் துளி ஜாடை இருக்கா? அறுபது நாளா பிரிச்சு விடறேன். போகமாட்டேங்குது."

"புழுவும் நீங்களும் ஒண்ணாப்பா?"

"அதுக்கு உடனே தெரிஞ்சுது. எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்."

மகன் சிரித்துவிட்டான். குளியலறை வாசலில் நின்ற மருமகன், அந்த வருடத்திலேயே நீளமாகப் பேசினான்: "மாமா, நீங்க போனா எனக்கு யாரும் இல்ல. இருங்க."

"அத வாயத் தொறந்து சொல்ல உங்களுக்கும் ரெண்டு மாசமா மாப்பிள்ளை?" என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அன்றிலிருந்து புழுக்கள் போனபின் மாமனார் குளிக்கிறார். சாவகாசமாகக் குளிப்பவர். அதற்கப்புறம்தான் மருமகன். வேலை நேரத்தை ஒன்பதரைக்கு மாற்றக் கேட்டு அவன் விண்ணப்பித்தான். காரணம் என்ற இடத்தில், வீட்டில் மாமனாரும் முப்பத்தேழு தட்டைப்புழுக்களும் இருக்கிறார்கள், குளியலறை ஒன்றுதான் என்று எழுதினான். மேலாளரும் பெரிய குடும்பக்காரர். மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.