தேவை எழவில்லை

நீதிமன்றத்தின் மூன்றாம் மாடியில், மனநல ஆலோசகரின் அறைக்கு வெளியே கிடந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் மௌனசாமி உட்கார்ந்திருந்தார். அவரைக் கண்டதும் அப்படியே திரும்பிவிடலாமா என்று அரசு வக்கீல் யோசித்தாள். அதற்குள் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்க மேடம். உக்காருங்க."

மௌனசாமி என்ற பட்டப்பெயரை அவருக்கு வைத்தவளே அவள்தான். அவர் இலவசச் சட்ட உதவி வக்கீல். வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்காக அவளுக்கு எதிரே நின்று வாதாடுகிறவர். ஒருமுறை, ஜாமீன் விசாரணைக்கு முந்தின நாள் அவருடைய கட்சிக்காரப் பையன் சிறையில் உயிரை விட்டான். மறுநாள் வேறொரு வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர் சாட்சியையே பார்த்துக்கொண்டு நின்றார், பேச்சு வரவில்லை. நீதிபதி இரண்டு முறை கூப்பிட்டார். "இனிமே சாரை மௌனசாமின்னே கூப்பிடலாம்" என்று மதியம் கேன்டீனில் அவள் சொன்னபோது சிரிப்பில் மேசையே குலுங்கியது. பையன் செத்த செய்தி அப்போது அவளுக்குத் தெரியும்.

இரு தரப்பு வக்கீல்களுக்கும் மனநல ஆலோசனை கிடைக்க அரசு நிதி ஒதுக்கி, வாரம் மூன்று நாள் ஓர் ஆலோசகரை அனுப்பிவைத்தது. ஆறு மாதம் கழித்து, தொடரலாமா என்று துறையிலிருந்து கடிதம் வந்தது. அலுவலகத் தலைமை என்பதால் பதில் எழுத வேண்டியவள் அவள். அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் பெண் வக்கீல் ஒருத்தி மேசையோரம் தயங்கி நின்றாள்.

"மேடம், நான் ரெண்டு தடவ போனேன். இப்பதான் கொஞ்சம் தூக்கம் வருது."

"தூக்கம் வராதவங்க இந்த வேலைக்கு ஏம்மா வர்றீங்க?"

அந்தப் பெண் முகம் சிவந்து வெளியேறிய பிறகு, 'இவ்வலுவலகத்தில் தேவை எழவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். மூன்று நாள் ஒரு நாளாகச் சுருங்கியது.

அதற்குப் பிறகுதான் அந்த ஏழு வயதுச் சிறுமியின் வழக்கு வந்தது. அவளிடம் தவறாக நடந்தவன் சொந்தச் சித்தப்பா. வாக்குமூலத்தை வரி வரியாகப் படித்து வழக்கை நடத்தி, தண்டனையும் வாங்கிக் கொடுத்தாள். எல்லோரும் கைகொடுத்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மகளின் குரல், "வேணாம்ப்பா, வலிக்குது" என்றது. கதவைத் தள்ளிப் பாய்ந்து பிள்ளையைப் பிடுங்கி இழுத்தாள். கணவன் கையில் சீப்பு இருந்தது. பாதி பின்னிய சடையோடு மகள் வீறிட்டு அழுதாள்.

"என்னையா?" என்று மட்டும் கேட்டான். அன்றிலிருந்து தலைவாரிவிட மகளை அவன் கூப்பிடுவதில்லை.

மௌனசாமி நாற்காலியைத் துடைத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"முன்ன மூணு நாள் வருவாங்க மேடம். யாரோ தேவையில்லன்னு எழுதிட்டாங்களாம். இப்ப ஒரு இடம் கிடைக்கிறதே பெரும்பாடு. இன்னிக்கு பாக்கி இருக்கிறது என்னோடது ஒண்ணுதான்."

அவள் பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருப்பதை அவர் கவனித்திருக்க வேண்டும்.

"நீங்க போங்க. நான் அடுத்த வாரம் பாத்துக்கறேன்."

"இல்ல சார், நீங்க…"

"பரவால்ல மேடம். நான் பழகிட்டேன்."

மறுத்திருக்க வேண்டும். எழுதியது நான்தான் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். கதவு திறந்தபோது அவள் கால்கள் உள்ளே போய்விட்டன.

ஆலோசகர் தண்ணீர் ஊற்றி வைத்தார். "எங்கேர்ந்து வேணும்னாலும் ஆரம்பிக்கலாம்."

"வீட்டுல நடந்தத சொல்லத்தான் வந்தேன்" என்றாள். "அதுக்கு முன்னாடி, நான் எழுதின ஒரு லெட்டரப் பத்திச் சொல்லணும்."

ஜன்னலுக்குக் கீழே, கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு மௌனசாமி சாலையைக் கடக்க நின்றிருந்தார். வண்டிகள் நின்று வழிவிட்டன. அவர் ஓரடி எடுத்துவைத்து, மறுபடியும் பின்வாங்கி, ஓரத்திலேயே நின்றார்.