விடிந்தால் போதும்

ரஞ்சனா மொட்டை மாடியில் முட்டி போட்டு உட்கார்ந்து, அம்மாவின் பழைய நூல் புடவையால் சோலார் பலகைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நேற்று மாலை அடித்த கால்போயிஷாகி என்ற கோடைப் புயல், மாவிலைகளையும் சேற்றையும் எந்த வீட்டுக் கொடியிலிருந்தோ பிய்த்துக்கொண்டு வந்த ஒரு துண்டையும் அவற்றின்மேல் அப்பிவிட்டுப் போயிருந்தது. இப்போது வானத்தில் ஒரு மேகம் இல்லை. காலையிலேயே வெயில் கழுத்தைச் சுட்டது. கடைசிப் பலகையையும் துடைத்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் குனிந்து கத்தினாள்.

"அம்மா! சோலார் பெட்டியில பச்சை லைட் வந்துருச்சா?"

"இல்லடி. சிவப்புதான் எரியுது."

"நல்லாப் பாரும்மா!"

"பாத்துட்டுத்தான் சொல்றேன்!"

அம்மாவின் குரல் உடைந்தது. ரஞ்சனாவின் கையிலிருந்த புடவையிலிருந்து சேற்றுத் தண்ணீர் காலில் சொட்டியது.

இரவு முழுக்க அவள் இந்த வெயிலுக்காகத்தான் காத்திருந்தாள். புயலின் முதல் அடியிலேயே கல்கத்தாவில் ஜாதவ்பூரின் அந்தச் சந்து முழுவதும் இருண்டுபோனது. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓயாமல் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த ஆக்ஸிஜன் மிஷின் ஒருமுறை கூவிவிட்டு நின்றது. அவசரத்துக்கென்று வைத்திருந்த சிலிண்டரில் குழாயை மாற்றினாள். அப்பாவின் நுரையீரல் காய்ந்த கடற்பஞ்சுபோல் இறுகிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மிஷின் இல்லாமல் அவரால் கழிவறை வரைகூடப் போக முடியாது. சிலிண்டர் ராத்திரியைத் தாண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அப்பாவின் காலைப் பிடித்துவிட்டபடி, திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள்.

"விடிஞ்சாப் போதும்ப்பா. வெயில் வந்துரும். மாடியில இருக்கறது ஓட ஆரம்பிச்சுரும். அப்புறம் கரண்ட் வந்தா என்ன, வராட்டி என்ன?"

அவர் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினார்.

ரஞ்சனா மாடியின் மூலைக்கு ஓடினாள். அங்கேதான் போனில் கொஞ்சம் சிக்னல் இருந்தது. பலகைகளை மாட்டிக் கொடுத்த தீபங்கரை அழைத்தாள். நாலைந்து முறை அறுந்த பிறகு அவன் குரல் கேட்டது. வங்காளத்தில் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"திதி," அக்கா என்றுதான் அவன் எப்போதும் கூப்பிடுவான், "அது ஓடாது."

"எல்லாம் துடைச்சுட்டேன் தீபங்கர். பளபளன்னு இருக்கு. வெயில் நெருப்பா அடிக்குது."

"துடைக்கிறதுல இல்லை திதி. தெருவுல லைன் இருந்தாத்தான் அந்தப் பெட்டி வேலை செய்யும். லைன் போனா அது தானா நின்னுடும். இல்லேன்னா உங்க வீட்டு கரண்ட் கம்பத்துக்குப் போயிடும். அங்க கை வச்சிருக்கிறவன் செத்துப் போவான்."

"அப்ப எதுக்கு மாட்டினோம்?"

"பில் குறையறதுக்கு. பேட்டரி வச்சு மாட்டியிருந்தா வேற மாதிரி. அங்கிள்கிட்ட ரெண்டு விதமும் சொன்னேன் திதி. உட்காந்து கேட்டார். நல்லாப் புரிஞ்சுதான் பேட்டரி இப்ப வேண்டாம்னார்."

"நீ இப்ப ஒரு பேட்டரி கொண்டு வந்து..."

"அதுக்குப் பெட்டியே வேற திதி. நானும் பாலத்துக்கு இந்தப் பக்கம் சிக்கிக்கிட்டு இருக்கேன். எல்லா இடமும் மரம் விழுந்து கிடக்கு. அங்கிளை எங்கேயாவது தூக்கிட்டுப் போங்க. சீக்கிரம்."

சிக்னல் போய்விட்டது. சந்தின் முனையில், சாய்ந்த கம்பத்தில் ஏணி வைத்து ஒருவன் ஏறி நின்றுகொண்டிருந்தான். தலையில் மஞ்சள் தொப்பி. கீழே நிற்பவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். ஒரு கணம் அவன்மேல் அவளுக்கு வெறுப்பு பொங்கியது. உடனே அந்த வெறுப்பைக் கண்டே பயந்துபோனாள்.

அப்பா முத்துகிருஷ்ணன் ஹவுராவில் ரயில்வே ஸ்டோர்ஸ் பிரிவில் கொள்முதல் பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் முதல் ஆளாக வாங்கமாட்டார். கலர் டிவி, செல்போன், ஏசி எல்லாமே தெருவில் கடைசியாக அவர் வீட்டுக்குத்தான் வந்தன. சோலார் பலகை விலையைப் பத்து வருஷமாவது கவனித்திருப்பார். முதலில் அது பணக்காரர்களின் விளையாட்டாக இருந்தது. பிறகு கல்லூரிக் கூரைகளில் வந்தது. பிறகு ஒவ்வொரு வருஷமும் சரிந்தது. அவள் சித்தப்பா முறை வைத்துக் கூப்பிடும் எதிர்வீட்டு மித்ரா காகு பொறுக்கமுடியாமல் வாங்கி மாட்டியபோது, "மித்ரா அவசரப்பட்டுட்டான். அடுத்த வருஷம் இன்னும் இறங்கும்" என்றார். இறங்கியது. கடைசியில் பலகையைவிட அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்குத்தான் அதிக விலை என்றாகிவிட்ட ஒரு குளிர்காலத்தில் வாங்கினார். முதல் மாத மின்சார பில் வந்தபோது அதை வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். சீனாக்காரன் செய்து குவிக்கிறான், நாம் காத்திருந்தால் போதும் என்றார்.

பேட்டரிக்கும் அதேதான். "இப்பல்லாம் கல்கத்தாவுல லோட்ஷெடிங் எங்க இருக்கு? பேட்டரி இப்பத்தான் விழ ஆரம்பிச்சிருக்கு. துர்கா பூஜை கழியட்டும்." அவர் கணக்கு தப்பவில்லை. பேட்டரி விலையும் விழுந்துகொண்டுதான் இருந்தது. இடையில் இருமல் வந்தது.

ரஞ்சனா படியிறங்கினாள். அவருக்குத் தெரியும். இந்த வெயிலால் ஒன்றும் ஆகாது என்று ராத்திரி முழுக்கத் தெரிந்துதான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தும் நெற்றியில் வேர்வை. அம்மா சௌந்தரம் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். வாசலில் மகளைக் கண்டதும் அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னடி சொன்னான்?" என்றாள் அம்மா.

"வர்றேன்னான்."

அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரஞ்சனா சிலிண்டர் தலையிலிருந்த முள்ளைப் பார்த்தாள். சிவப்பைத் தொட இன்னும் ஒரு நகம் இடைவெளி. கரியாஹாட் கடைக்காரனிடம் நிரப்பிய சிலிண்டர் இருந்தது. ஆனால் மரம் விழுந்து கிடந்ததால் வண்டி சந்துக்குள் வரமுடியாது. சைக்கிள் வேனில் ஏற்றி அனுப்புகிறேன் என்று விடிகாலையில் சொன்னவன், அதன்பின் போனை எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் பெரிய தெருவில் நிற்கும், அதுவரை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும் என்றிருந்தார்கள்.

"எவ்ளோ... இருக்கு?" என்றார் அப்பா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு.

"பாதி இருக்குப்பா."

அவர் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி வலித்தது. பள்ளிக்கூடத்துக்கு விரல் பிடித்துக் கூட்டிப்போன காலத்தில்கூட அவர் இப்படி இறுக்கிப் பிடித்ததில்லை. கண்கள் அகலமாகத் திறந்து கூரையைப் பார்த்தன. பயப்படும் அப்பாவை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"மிச்சத்தை... கொஞ்சம் குறைச்சு வை. ரொம்ப நேரம் வரும்."

"குறைக்கக் கூடாதுப்பா."

"குறைடி."

அவள் திருகில் கை வைத்தாள். திருகாமலே எடுத்தாள். அவர் கண்டுபிடித்தாரா என்று தெரியவில்லை.

மித்ரா காகு அந்தப் பேட்டைப் பையன்களின் பாரா கிளப்பிலிருந்து நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். விடியலிலிருந்து மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள், சட்டையெல்லாம் மரத்தூள். ஒருவன் கையில் நீல பிளாஸ்டிக் நாற்காலி.

"முத்து-தா," என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார் காகு, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. "வாங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம். ரொம்ப நாளாச்சு நாம நடந்து."

அப்பா சிரிக்க முயன்றார். பிறகு மகளிடம் தமிழில் சொன்னார்.

"வேணாம்னு சொல்லு. படியில... முடியாது."

"முடியும்ப்பா. நான் கூடவே வர்றேன்."

"கரண்ட் வந்துரும்... ரஞ்சி. கம்பத்துல ஏறிட்டானில்ல... கொஞ்சம் பாக்கலாம்."

"எவ்ளோ நேரம் பாக்கறது?" அவள் கத்திவிட்டாள். அம்மா விசிறுவதை நிறுத்தினாள். அப்பா மெதுவாகக் கண்ணை மூடி, சரி என்பதுபோல் கையைத் தூக்கினார்.

நாற்காலியில் உட்கார வைத்து, அம்மாவின் புடவையால் மார்போடு சேர்த்துக் கட்டினார்கள். இரண்டு பேர் முன்னால், ஒருவன் பின்னால். நான்காமவன் சிலிண்டரைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். குழாய் அறுந்துவிடக் கூடாதென்று ரஞ்சனா அதைக் கையில் பிடித்தபடி பக்கவாட்டில் இறங்கினாள். படிக்கட்டு குறுகலானது. ஒவ்வொரு படிக்கும் நாற்காலியின் கால் சுவரில் உரசிச் சுண்ணாம்பு உதிர்ந்தது. "ஆஸ்தே, ஆஸ்தே" என்று மெதுவாகப் போகும்படி காகு கீழிருந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

திருப்பத்தில் நாற்காலி மாட்டிக்கொண்டது. பின்னால் இருந்தவன் தூக்கினான். முன்னால் இருந்தவன் இன்னும் கொஞ்சம் என்றான். அப்போதுதான் ரஞ்சனாவின் உள்ளங்கையில் குழாயின் மெல்லிய அதிர்வு இல்லாமல் போனது. அவள் முள்ளைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

"நிக்காதீங்க," என்றாள். "போங்க, போங்க!"

அப்பாவின் வாய் திறந்து மூடியது. மீனைத் தண்ணீருக்கு வெளியே போட்டதுபோல, சத்தமே இல்லாமல். அம்மா மேல்படியிலிருந்து, "மூச்சு விடுங்க. மூச்சு விடுங்க. என்னைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் அம்மாவைத் தேடிக் கழுத்தைத் திருப்பப் பார்த்தார். நாற்காலி விடுபட்டு நாலு படி இறங்கியது. அவர் தலை ரஞ்சனாவின் தோளில் சாய்ந்தது. கனமாகச் சாய்ந்தது. வாசலைத் தாண்டிச் சந்துக்கு வந்து, விழுந்துகிடந்த வேப்பமரத்தின் கிளைகளுக்கு அடியில் குனிந்து, அதற்கப்பாலும் ஓட்டமும் நடையுமாகக் கொஞ்ச தூரம் போனார்கள். காகுதான் கடைசியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

ஒருவன் தலைப்பாகையாகக் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். ரஞ்சனா இன்னும் குழாயைப் பிடித்திருந்தாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் நடந்தே வந்து பார்த்துவிட்டு உறுதி செய்தார்கள். சிலிண்டரோடு கரியாஹாட்டிலிருந்து வந்த சைக்கிள் வேன், சந்து முனையில் விவரம் கேட்டுத் திரும்பிப் போனது. வந்த வழியே அவரைத் தூக்கிவந்தார்கள். மாடிக்கு ஏற்ற வேண்டாம், தரைத்தளத்து முன்னறையிலேயே கிடத்தலாம் என்றார் காகு. தம்பி ஸ்ரீநாத் பெங்களூரிலிருந்து கிளம்ப வேண்டும். விமானங்கள் எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. நாளைக்குத்தான் வரமுடியும் என்றான் போனில்.

மதியமானது. வெயில் இறங்கவே இல்லை. அறை அடுப்புபோல் கொதித்தது. ஒரு ஈ வந்து உட்கார, அம்மா அதைக் கையால் விரட்டினாள். திரும்பவும் வந்தது.

"ஐஸ் வேணும்," என்று காகு ரஞ்சனாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "இல்லேன்னா நாளை வரைக்கும்..."

மீன் சந்தைக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஒரு தள்ளுவண்டி மரத்தின் அந்தப் பக்கம் வந்து நின்றது. சாக்குக்குள் உமியோடு இரண்டு பெரிய பாளங்கள். வண்டிக்காரன் வாசல்வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"எங்கேயும் கரண்ட் இல்லை திதி. காலையிலேர்ந்து ரேட் ஏறிட்டே போகுது. இப்ப இறக்கிடவா?"

"இறக்குங்க," என்றாள். விலையைக் கேட்கவில்லை.

பாளங்களை அலம்பியும் மீன்வாடை போகவில்லை. அப்பாவின் இரண்டு பக்கமும் அணைத்து வைத்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்றார்கள். அம்மா சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏண்டி," என்றாள் வெகுநேரம் கழித்து. "ராத்திரிக்குள்ள வெளிச்சம் வந்துருமா?"

ரஞ்சனா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பாளம் நகர்ந்துவிடாமல் இருக்க அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். முதலில் குளிர்ந்தது. பிறகு எரிந்தது. பிறகு விரல்கள் இருப்பதே தெரியவில்லை. உருகிய தண்ணீர் தரையில் கோடாக நீண்டு, அம்மாவின் புடவை ஓரத்தை நனைத்துக்கொண்டு வாசல் பக்கம் போயிற்று. இருவரும் நகரவில்லை.