மூன்றாம் மாடியில் அலை

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்குப் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் மூன்றாம் மாடி கப்பல்போல் ஆடத் தொடங்கியது. கீழ் மாடிகள் ஆடவில்லை. கடல் அங்கிருந்து பேருந்தில் ஆறு மணி நேரத் தொலைவு. பொறியாளர்கள் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, கட்டடம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துப் போனார்கள், ஒருவர் மட்டும் படிக்கட்டில் வாந்தி எடுத்தபடி.

ஏழாம் மேசை எழுத்தர் விடுப்பில் போன நாட்களில் தரை ஆடாமல் சும்மா கிடந்ததை வைத்துத்தான் ஆட்டம் அவளால் என்ற விஷயம் பிடிபட்டது. அவள் இரண்டாம் வகுப்பில், பெரியவளானால் கப்பல் கேப்டன் ஆவேன் என்று சொன்னவள். "ஆகலாம், முதல்ல கையெழுத்தச் சரிபண்ணு" என்றார் அப்பா. கையெழுத்து அவ்வளவு அழகாகிவிட்டதால் இந்த வேலை கிடைத்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாக மற்றவர்கள் பெயரில் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளாது. மேசையை நகர்த்துவாள், ஜன்னலுக்குப் போவாள், பேருந்தில் மூன்று முறை இருக்கை மாறுவாள். அவள் கணவர் சிறுவயதில் சிங்கம் அடக்க ஆசைப்பட்டுக் கணக்கு வாத்தியார் ஆனவர். பெரிய வித்தியாசமில்லை என்று நிம்மதியாக இருந்தார். அந்த நிம்மதியைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கண்காணிப்பாளர் கூப்பிட்டுச் சொன்னார். "கொஞ்சம் ஒரு இடத்துல உக்காந்து வேலை பாருங்களேம்மா."

"நான் உக்காந்துதான் சார் இருக்கேன். தரைதான் உக்கார மாட்டேங்குது."

அடித்தளத்தில் ஜன்னலே இல்லாத பழைய கோப்பறைக்கு அவளை மாற்ற உத்தரவு தயாரானது. அவர் அதை நீட்டிய நிமிடத்தில்தான் இதுவரை வராத பேரலை எழுந்தது. பீரோக்களைச் சேர்த்துக் கட்டியிருந்த கயிறு அவிழ, அவை நகர்ந்தன. தாயின் இறப்புச் சான்றிதழுக்காக வரிசையில் நின்ற ஒருவர் திறந்த ஜன்னலை நோக்கிச் சறுக்கிக்கொண்டு போனார். அவள் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தாள்.

"எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க! குழந்தைங்கள நடுவுல விடுங்க! சார், வேடிக்கை பாக்காம அந்தக் கயித்தப் புடிங்க!"

கண்காணிப்பாளர் பிடித்தார். முக்கால் மணி நேரம் அவள் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி நாற்காலிமேல் நின்று, கூட்டத்தை இடமும் வலமுமாக நகர்த்தி மாடியை நேராக்கினாள். உள்ளங்கை எரிந்தது, முதல்முறையாகக் கால்கள் பரபரக்கவில்லை. அலை தணிந்ததும் அந்த மனிதர் கசங்கிய விண்ணப்பத்தை நீட்டினார். "அம்மா பேர்ல ஒரு எழுத்து தப்பா இருக்கு, மேடம்." அவள் நாற்காலியிலிருந்து இறங்கி அதைத் திருத்தினாள்.

கண்காணிப்பாளர் உத்தரவை நான்காய் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நீங்க கீழ போயிட்டா இத யாரு ஓட்டுறது?"

மேசைகளைத் தரையோடு திருகி இறுக்கினார்கள். அடுத்த ஆண்டு ஆய்வுக்கு வந்த அதிகாரி படிக்கட்டில் தயங்கி நின்றபோது கடைநிலை ஊழியர் சொன்னார்: "மேல இன்னைக்குக் கொஞ்சம் அலை இருக்கு சார். கம்பியப் புடிச்சுக்கிட்டு ஏறுங்க."

அதிகாரி பிடித்துக்கொண்டு ஏறினார்.