மோலி தண்ணீர் குடிக்கவில்லை

எனக்குப் பயம் வந்தால் வாய் நீண்டுவிடும். அந்த மூன்று நாளும் வீட்டில் ஒருவரையும் விட்டுவைக்காமல் திட்டிக்கொண்டிருந்தேன். தம்பி வசந்த்குமாரின் கல்யாண அலுப்பு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். உண்மைக் காரணம் மோலியின் பின்தொடையில் இருந்தது.

மோலி என் தங்கை ஏஞ்சலின் நாய். ஏஞ்சலுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பூந்தமல்லியில் பார்வையற்றோர் பள்ளியில் படித்து, கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, அயர்லாந்தில் வேலைக்குப் போய் ஆறு வருஷமாகிறது. அங்கே மோலிதான் அவளை ரோடு தாண்ட வைத்து, பஸ் ஏற்றி, ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். விமானத்திலும் அவள் காலடியில்தான் படுத்துக்கொண்டு வரும். கல்யாணத்துக்காக அது உத்திரமேரூர் வந்து இறங்கியபோது, "நாய்க்கு பாஸ்போர்ட்டு கீதாமே!" என்று பாதித் தெரு எங்கள் வாசலில் கூடிவிட்டது.

நாய் திரும்பிப் போக வேண்டுமானால் ஆயிரம் சட்டம். இங்கே ஒரு டாக்டர் பார்த்து, பூச்சி மாத்திரை கொடுத்து, தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கல்யாணம் முடிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை, சென்னைக்குப் போய் அதை முடித்தோம். டாக்டர் சுலோச்சனா கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"திங்கக்கிழமை பிளைட் ஏறுற வரைக்கும் வேற நாய் எதுவும் கிட்ட வரக்கூடாது. கடி பட்டா உடனே எனக்கு போன் பண்ணணும். அப்புறம் இந்தத் தாள் செல்லாது. மாசக்கணக்கா தனியா வெச்சுப் பாக்கணும்."

"நான் பாத்துக்கறேன் மேடம்" என்றேன் நான். பெரிய மனுஷி.

சனிக்கிழமை மறுவீட்டு விருந்து. பந்தலில் பிரியாணி. "சாப்பிடற எடத்துல நாய் எதுக்கு?" என்று பெண் வீட்டுப் பெரியம்மா முகத்தைச் சுளித்தாள். புது சம்பந்தி. மூன்றாம் நாளே மல்லுக்கு நிற்க முடியுமா? ஏஞ்சலிடமிருந்து வாரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனேன்.

"கையிலயே புடிச்சிக்கக்கா. எங்கியும் கட்டிப் போட்டுடாத" என்று அவள் சொல்லித்தான் அனுப்பினாள்.

கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அதற்குள் பந்தியில் தால்ச்சா தீர்ந்துவிட்டது, சாமான் அறைச் சாவியைக் கொண்டா என்று ஒரே கூச்சல். ஒரு நிமிஷம்தானே என்று மோலியை முருங்கை மரத்தில் கட்டிவிட்டு ஓடினேன். எச்சில் இலை கொட்டும் குழி அதற்குப் பத்தடி தள்ளி இருக்கிறது. எலும்புக்கு நாய்கள் வராமல் வேறு யார் வருவார்கள்? அந்தப் புத்தி எனக்கு அப்போது இல்லை.

திரும்பி வந்தபோது காது அறுந்த செவலை நாய் ஒன்று மோலியின் தொடையைக் கவ்விக்கொண்டிருந்தது. மோலி திருப்பிக் கடிக்கவில்லை. கடிக்கக் கூடாது என்று பழக்கி வளர்த்த நாய் அது. வார் எட்டுகிற வரைக்கும் விலகி நின்று முனகியது. ஸ்பீக்கர் சத்தத்தில் அந்த முனகல் யாருக்குக் கேட்கும்? விறகுக்கட்டையை எடுத்து அடித்ததும் செவலை விட்டுவிட்டு ஓடியது.

இரண்டு பல் இறங்கியிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு எங்கள் வழக்கப்படி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பினேன். வெள்ளை முடியில் மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. கேட்டவர்களிடம், "அத்தினி பேர் கண்ணும் இது மேலதான். அதான் மஞ்ச தடவினேன்" என்றேன். கன்றுக்குட்டிக்கும் கைப்பிள்ளைக்கும் செய்கிற காரியம்தானே, யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

ஏஞ்சல் மட்டும் மோந்து பார்த்துவிட்டு, "இன்னாக்கா, மோலி மேல மஞ்ச வாசனை வருது?" என்றாள். அவளுக்கும் அதே பொய்தான். "வெள்ளக்கார நாய்க்குமா திருஷ்டி?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் மோலி போக முடியாது. மோலி இல்லாமல் ஏஞ்சல் போகமாட்டாள். லீவு முடிகிறது, வேலை போய்விடும். அந்த ஊரில் தனியாக நடக்கிறவள் மறுபடியும் இந்த வீட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு கிடக்க வேண்டும். இதெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொண்டது. கட்டிப் போட்டது நான் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, அதுதான் நிஜம்.

அன்று ராத்திரியிலிருந்து இருசப்பன் சித்தப்பா ஞாபகம் பிடித்துக்கொண்டது. அவரை நாய் கடித்தபோது எனக்கு ஒன்பது வயது. யாரோ மந்திரித்து வேர் கட்டினார்கள், அவரும் சும்மா இருந்துவிட்டார். ஒரு மாசம் கழித்து, சொம்புத் தண்ணீரைப் பார்த்ததும் அவர் கழுத்து வெட்டி இழுத்ததையும், கட்டிலோடு கட்டி வைத்திருந்ததையும் ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். அதிலிருந்து நாய்க்கடி என்று யாராவது பேச்செடுத்தாலே நான் அந்த இடத்தில் நிற்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மோலி பின்னாலேயே அலைந்தேன். தண்ணீர் குடிக்கிறதா, குடித்தது. சோறு தின்கிறதா, தின்றது. தினமும் காலையில் ஏஞ்சல் அதற்குத் தலையிலிருந்து வால் வரைக்கும் முடி சீவிவிடுவாள். "நீ குந்து, இன்னிக்கு நான் சீவறேன்" என்று சீப்பைப் பிடுங்கிக்கொண்டேன். "எங்கக்காவுக்குக்கூட நாய் மேல ஆசை வந்துடிச்சி" என்று அவள் சந்தோஷப்பட்டாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

சாயங்காலம் பால் கொண்டுவந்த திலகா சொன்னாள்: "அந்தக் காது அறுந்த செவல கீதே, ஏரிக்கரையாண்ட ரெண்டு ஆட்டக் கடிச்சிடுச்சாம். வாயெல்லாம் நுரை. வெறி நாயின்னு அடிச்சிப் போட்டுட்டாங்கோ."

பால் சொம்பை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அப்போதும் சொல்லவில்லை. மோலிக்குத்தான் எல்லா ஊசியும் போட்டிருக்கிறதே, நாளை இந்நேரம் பிளைட்டில் இருக்கும், அங்கே பெரிய பெரிய டாக்டர் இருப்பார்கள் என்று மனசு கணக்குப் போட்டது.

திங்கட்கிழமை காலையும் நானே முடி சீவிவிட்டு, மோலியின் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினேன். குடிக்கவில்லை. பத்து மணிக்கு மாற்றி ஊற்றினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. பக்கத்தில் தள்ளினால் எழுந்து தள்ளிப்போய்ப் படுத்தது.

மத்தியானம் எங்கள் தெரு ஐசக்கின் வண்டியில் கிளம்பினோம். செங்கல்பட்டு தாண்டும்போது மோலி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்தது, வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. கிண்ணத்தில் பாட்டில் தண்ணீரை ஊற்றி மூக்கருகே நீட்டினேன். அது தண்ணீரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, தலையைத் திருப்பிக்கொண்டது. எனக்குக் கண் முன்னால் சித்தப்பாவின் கழுத்துதான் வந்தது. இந்த நாய் ஏஞ்சலின் காலடியில், அத்தனை ஜனம் உட்கார்ந்த விமானத்தில்...

"ஐசக்கு, வண்டிய நிறுத்து!" என்று கத்தினேன்.

ஓரங்கட்டினான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முருங்கை மரம், செவலை நாய், மஞ்சள், ஏரிக்கரை, சீப்பு. "தண்ணி குடிக்கலடி. காலையில இருந்து ஒரு வாய் குடிக்கல. வெறி வந்துடுச்சிடி" என்று அழுதேன்.

ஏஞ்சல் மோலியிடம் இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொன்னாள். மோலி கிண்ணத்தில் வாயை வைத்து, சளப் சளப் என்று அடிவரைக்கும் குடித்து, கிண்ணத்தையும் நக்கியது.

"பிளைட்ல அதுக்கு ஒண்ணுக்கு வந்தா கஷ்டம்னு காலையில இருந்து நான்தான் வேணாம்னு வெச்சிருந்தேன். வேணாம்னு சொல்லிட்டா, நான் மறுபடி சொல்ற வரைக்கும் அது வாய் வெக்காது" என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. அரை நிமிஷம்தான். அவள் கை மோலியின் முதுகிலிருந்து இறங்கித் தொடைக்குப் போய், காயத்தில் நின்றது. மோலி லேசாக முனகியது.

"காயத்தை வெறுங்கையால தொட்டியா?"

"தொட்டேன்."

"கையில வெட்டு, கீறல் ஏதாச்சும் கீதா?"

கல்யாணத்துக்கு வெங்காயம் அரிந்த விரல். "கீது" என்றேன்.

அவள் டாக்டருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்பீக்கரில் டாக்டரின் குரல் வந்தது. "இன்னிக்கு ஏறாதீங்க. நேரா இங்க வாங்க, மோலிக்கு மறுபடி ஊசி போடணும். அக்கா இன்னிக்கே ஆஸ்பத்திரி போயாகணும், நாளைக்குன்னு தள்ளிப்போடாதீங்க." ஏஞ்சல் "சரி மேடம்" என்றாள். ஆறு வருஷத்து வேலை அந்த ஒரு வார்த்தையில் போகிறதோ என்னவோ, அவள் குரல் நடுங்கவில்லை.

"காயம் இப்ப எப்படி இருக்கு? ஆழம் எவ்வளவு, சீழ் வெச்சிருக்கா?" என்றார் டாக்டர்.

நான் குனிந்து மோலியின் காலைத் தூக்கினேன். "ரெண்டு பல்லு எறங்கி..."

"நீ இரு, அக்கா" என்றாள் ஏஞ்சல். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். முன் சீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"ஐசக்கண்ணா, கொஞ்சம் எறங்கி வா. காயம் எப்டி கீதுன்னு நீ பாத்துச் சொல்லு."

ஐசக் என்னை ஒருமுறை பார்த்தான். இறங்கி வந்து கதவைத் திறந்து, ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முடியை விலக்கிப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தான். அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அவள் அப்படியே போனில் டாக்டருக்குச் சொன்னாள். நான் அவள் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத்தான் தெரிகிறது.