முந்தானை மறைத்த படம்

ரங்கூனிலிருந்து கேமராவோடு ஊர் திரும்பிய மெய்யநாதன் செட்டியாருக்கு, விடியுமுன்னே கண்மாய்க்கரைக்குப் போய் நாரைகளைப் படம் பிடிப்பதே வேலை. மார்கழி மூடுபனியில் அன்றைக்கும் கேமராவை நிறுத்திக் காத்திருந்தார். சோலையம்மாள் தண்ணீர் எடுக்க வந்தாள். அவள் மகள், நாலு வயது நாகவல்லி, தண்டை குலுங்க முன்னே ஓடி, பறவைகளைப் பார்த்துக் கைதட்டினாள்.

"சோலை, புள்ளை அங்கனயே நிக்கட்டும். நாரையோட சேத்துப் புடிக்கிறேன்."

"ஆத்தாடி, வேணாம்யா! படம் புடிச்சா ஆயுசு குறையுமாம்ல?"

"என்னைய எத்தனை தடவை புடிச்சிருக்காக! குத்துக்கல்லாட்டம் நிக்கலையா?"

"நீங்க கெட்டி ஆயுசு வாங்கிட்டு வந்தவுக. எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்" என்றபடியே ஓடிப்போய், முந்தானையை விரித்துப் பிள்ளையை மூடிக்கொண்டாள். அந்த அரவத்தில் நாரைகள் எழும்ப, செட்டியார் படத்தைப் பிடித்துவிட்டார்.

தையிலே வந்த காய்ச்சல் மூன்றே நாளில் நாகவல்லியைக் கொண்டுபோனது. மாதம் ஒன்று போவதற்குள், கண்ணை மூடினால் பிள்ளையின் முகம் சரியாக வரவில்லை பெற்றவளுக்கு. பதறிப்போய்ச் செட்டியார் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அன்னைக்குப் புடிச்சீகளே, அந்தப் படத்துல எம்புள்ளை இருக்காளாய்யா? ஒருக்கா மொகத்தைப் பாத்துக்கிறேன்."

செட்டியார் படத்தை எடுத்துவந்து கொடுத்தார். பனிக்குள் இறக்கை விரித்த நாரைகள். கரையோரம் முதுகைக் காட்டிக்கொண்டு அவளேதான் நிற்கிறாள். முந்தானைக்குக் கீழே, தண்டை போட்ட சின்னக் கால் ஒன்று மட்டும் தெரிந்தது.

அந்தக் காலை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள் சோலையம்மாள். பிறகு படத்தை அவரிடமே நீட்டினாள்.

"ஐயா, இந்த முந்தானையை மட்டும் கொஞ்சம் விலக்கிவிடுவீகளா?"